சூட்டில் நிலைக்கும் கறுப்பு

வெயிலை வெப்பமாக்கக் கறுப்பு அடிக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். எந்தக் கறுப்பு, எத்தனை ஆண்டுக்கு என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. மொட்டை மாடியில் நிற்கும் நீர்சூடாக்கியின் தகட்டுப் பூச்சும், கலிபோர்னியப் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான கண்ணாடிகள் வெயிலைக் குவித்து அனுப்பும் கோபுரத்தின் உச்சிப் பூச்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் நிறமி பெரும்பாலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தது. செம்பு, மாங்கனீஸ், இரும்பு, குரோமியம், கோபால்ட் ஆகியவற்றில் இரண்டோ மூன்றோ கலந்த ஆக்சைடு அது. இந்த ஆக்சைடுகளை நானோ அளவில் தயாரிப்பது பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் ஏராளமான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. அவற்றைச் சேர்த்து வாசிக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. நிறமியின் வேதி வாய்பாட்டுக்குக் கிடைத்த கவனத்தில் பாதிகூட அதைத் தயாரிக்கும் வழிக்கும், பெயின்டாக அரைக்கும் முறைக்கும், சூட்டில் ஆண்டுக்கணக்கில் தாங்கும் திறனுக்கும் கிடைக்கவில்லை. பூச்சின் விதியைத் தீர்மானிப்பவை இந்த மூன்றும்தான் என்பது என் கருத்து.

இரண்டு வெப்பநிலை, இரண்டு கணக்கு

தரைக்கு வந்து சேரும் சூரிய ஆற்றல் ஏறத்தாழ முழுவதும் 0.3 முதல் 2.5 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் வருகிறது. சூடேறிய தகடு தானும் கதிர்வீசும். 100 டிகிரி செல்சியஸில் உள்ள தகட்டின் கதிர்வீச்சு 7.8 மைக்ரோமீட்டர் அருகே உச்சம் தொடுகிறது. இரண்டு பட்டைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியாமல் விலகி நிற்கின்றன. ஆகவே 2.5 மைக்ரோமீட்டருக்குக் கீழே கறுப்பாகவும் அதற்கு மேலே மெருகேற்றிய உலோகமாகவும் நடந்துகொள்ளும் ஒரு பரப்பை உருவாக்க முடியும். இஸ்ரேலைச் சேர்ந்த ஹாரி தாபோர் 1955-இல் அரிசோனாவில் நடந்த சூரிய ஆற்றல் மாநாட்டில் முன்வைத்த கருத்து இது. இப்படிப்பட்ட பரப்பைத் தேர்வுப் பூச்சு என்பார்கள். கறுப்பு நிக்கல், கறுப்பு குரோமிய முலாம்கள் அந்த வழியில் வந்தவை.

இதில் எவ்வளவு ஆதாயம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 டிகிரியில் உள்ள தகடு, 30 டிகிரியில் உள்ள சுற்றுப்புறத்தை நோக்கி, ஒரு சதுர மீட்டருக்கு அதிகபட்சம் 620 வாட் அளவுக்குக் கதிர்வீச்சில் இழக்கும். அந்த அதிகபட்சத்தில் ஒரு பரப்பு உண்மையில் வீசும் பங்கே உமிழ்திறன்; சாதாரணக் கறுப்பு பெயின்டுக்கு அது 0.9. அதில் இழப்பு 558 வாட். உமிழ்திறனை 0.3-க்குக் குறைத்துவிட்டால் இழப்பு 186 வாட்தான். மேலே மூடியிருக்கும் கண்ணாடி இரண்டு எண்களையும் குறைக்கும். என்றாலும் விகிதம் பெரிதாக மாறாது. வெயிலை விழுங்கும் பங்கான உட்கவர்திறன் 0.95-இலிருந்து 0.90-க்கு இறங்கினால், 1,000 வாட் வெயிலில் போவது வெறும் 50 வாட். எனவே நீர்சூடாக்கியில் வெயிலைக் கடைசிச் சொட்டு வரை உறிஞ்சுவதைவிட, உறிஞ்சிய சூட்டை வெளியே விடாமல் காப்பது முக்கியம்.

கோபுரத்தில் கணக்கு தலைகீழாகிறது. 750 டிகிரியில் கதிர்வீச்சின் உச்சம் 2.8 மைக்ரோமீட்டருக்கு வந்துவிடுகிறது. வெயிலின் பட்டைக்கும் சூட்டின் பட்டைக்கும் இடையே இருந்த இடைவெளி மறைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. அந்த வெப்பநிலையில் முழுக் கரும்பொருள் ஒரு சதுர மீட்டருக்கு 62 கிலோவாட் வீசும். ஆனால் ஆயிரம் மடங்கு குவித்த வெயில் அதே சதுர மீட்டரில் 1,000 கிலோவாட் கொண்டுவந்து கொட்டுகிறது. உட்கவர்திறனை நூற்றில் ஒரு பங்கு உயர்த்தினால் 10 கிலோவாட் லாபம். அதே லாபத்தை உமிழ்திறன் வழியாகப் பெற வேண்டுமானால் அதை 0.16 குறைக்க வேண்டும். காற்றுப் படும் 750 டிகிரிப் பரப்பில் அது எளிதான காரியம் அல்ல. ஆகவே கோபுரத்துக்கு வேண்டியது முடிந்தவரை முழுக் கறுப்பு. எந்த வெப்பநிலைக்கு என்று சொல்லாமல் ‘சிறந்த சூரிய நிறமி’ என்று எழுதும் ஆய்வறிக்கைகள் வாசகரைக் குழப்புகின்றன. இந்தத் துறையில் அந்தக் குழப்பம் நிறையவே உண்டு.

ஏன் ஸ்பைனல்

மலிவான கறுப்புகள் ஏற்கெனவே நம்மிடம் உள்ளன. புகைக்கரி எனப்படும் கார்பன் கறுப்பு வெயிலை நன்றாக விழுங்கும். ஆனால் அது அகச்சிவப்பிலும் கறுப்பே. உமிழ்திறனைக் குறைக்க உதவாது. காற்றில் 400, 500 டிகிரி போனால் எரிந்தே போய்விடும். கறுப்பு இரும்பு ஆக்சைடான மேக்னடைட், காற்றில் சூடாக்கினால் ஆக்சிஜன் ஏறிச் சிவந்துவிடுகிறது. துகள் சிறிதாகச் சிறிதாக அந்த மாற்றம் இன்னும் குறைந்த சூட்டிலேயே தொடங்கும். மேக்னடைட்டை நானோ ஆக்குவது அதைப் பலவீனப்படுத்துவதுதான். செம்பு ஆக்சைடு கறுப்பானது, மலிவானது. ஆனால் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டருக்கு மேலே உள்ள ஒளியை அது தடுக்காமல் விட்டுவிடும். வெயிலின் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இந்தக் குறைகளை ஸ்பைனல் என்ற படிக அமைப்பு கணிசமாகத் தீர்த்துவைக்கிறது. ஒரு ஸ்பைனல் அலகில் 32 ஆக்சிஜன் அயனிகள் நெருங்கி அடுக்கியிருக்கும். அவற்றுக்கு நடுவே நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த 64 இடங்களும் ஆறு ஆக்சிஜன் சூழ்ந்த 32 இடங்களும் உள்ளன. உலோக அயனிகள் முதல் வகையில் 8 இடங்களிலும் இரண்டாம் வகையில் 16 இடங்களிலும் மட்டுமே அமர்கின்றன. மற்றவை காலி. எந்த உலோகம் எந்த வகை இடத்தில் அமரும் என்பதில் பெரிய நெகிழ்ச்சி இருக்கிறது. செம்பும் மாங்கனீசும் இடம் மாறி உட்காரும். மாங்கனீஸ் ஒரே படிகத்தில் மூன்று மின்சுமையோடும் நான்கு மின்சுமையோடும் அடுத்தடுத்து இருக்கும். அந்த அண்டை அயனிகளுக்கு இடையே எலக்ட்ரான் தாவ மிகக் குறைந்த ஆற்றல் போதும். அதனால் புலப்படும் ஒளி மட்டுமல்லாமல் அண்மை அகச்சிவப்பும் விழுங்கப்படுகிறது. ஏற்கெனவே ஆக்சைடாக, அதுவும் 800, 1,000 டிகிரியில் பிறந்ததாக இருப்பதால் அதற்குக் கீழே உள்ள சூட்டில் அதற்குப் பெரிய ஆபத்து இல்லை.

பீங்கான் மெருகுத் தொழிலுக்கு இவை பழைய நண்பர்கள். வண்ணத் தொழிலின் உலகப் பட்டியலில் செம்பு குரோமைட் கறுப்பு ‘பிக்மென்ட் பிளாக் 28’ என்றும், மாங்கனீஸ் ஃபெர்ரைட் கறுப்பு ‘பிக்மென்ட் பிளாக் 26’ என்றும் பதிவாகியுள்ளன. அடுப்பு, புகைபோக்கி, வாகனச் சைலன்சர் ஆகியவற்றுக்கான வெப்பம் தாங்கும் பெயின்டுகளில் இவற்றைக் காணலாம். சூரிய ஆய்வாளர்கள் தொடங்கியது இந்த இடத்திலிருந்துதான்.

எந்த உலோகங்களைச் சேர்ப்பது என்பதில் வேதியியல் மட்டும் பேசினால் போதாது. கோபால்ட் ஆக்சைடு அருமையான கறுப்பு. ஆனால் 900 டிகிரியை ஒட்டி ஆக்சிஜனை இழந்து வேறு ஆக்சைடாகிவிடும். உலகில் வெட்டியெடுக்கும் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசு என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது. மின்கலத் தொழில் அதற்காகக் காத்திருக்கிறது. குரோமியம் ஸ்பைனலுக்குள் மூன்று மின்சுமையோடு பத்திரமாக இருக்கும். அதன் சுரங்கம் முதல் கழிவு வரையிலான பாதையில்தான் ஆறு மின்சுமைக் குரோமியம் என்ற நஞ்சு பிறக்கிறது. கறுப்பு குரோமிய முலாம் தொட்டியே அந்த நஞ்சின் கரைசல். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பரிலிருந்து குரோமியம் ட்ரையாக்சைடைத் தனி அனுமதியின்றிப் பயன்படுத்தக் கூடாது என்று விதித்தது. ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவுக் குவியல் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே செம்பு, மாங்கனீஸ், இரும்பு என்ற மூன்றும் சேர்ந்த ஆக்சைடே என் பார்வையில் முதல் தேர்வு. மூன்றும் எளிதில் கிடைப்பவை. ஸ்லோவேனியத் தலைநகர் லியுப்லியானாவில் உள்ள தேசிய வேதியியல் நிறுவனத்தில் சோரிட்சா ட்சர்ன்யாக் ஓரெல், போரிஸ் ஓரெல் ஆகியோரின் குழு இந்தக் கூட்டணியைத்தான் நீண்ட காலம் ஆராய்ந்து, மெல்லிய பெயின்டாக அடித்தே உமிழ்திறனைக் குறைக்கலாம் என்று காட்டியது.

உலையிலும் கரைசலிலும்

ஆலைகளில் நடப்பது திண்ம நிலை முறை. ஆக்சைடுகளையோ கார்பனேட்டுகளையோ கலந்து, அரைத்து, 800 முதல் 1,000 டிகிரிக்கு மேல் வரை மணிக்கணக்கில் சுட்டு, கட்டியை உடைத்து மறுபடி அரைக்கிறார்கள். தண்ணீர்க் கழிவு இல்லை, டன் கணக்கில் செய்யலாம். ஆனால் திண்மங்களுக்கு இடையே அயனிகள் மெல்லத்தான் நகரும். கலவை சீராக வேண்டுமென்றால் சூட்டையும் நேரத்தையும் கூட்ட வேண்டும்; கூட்டினால் துகள் வளர்ந்துவிடும். பிறகு ஒரு மைக்ரோமீட்டருக்குக் கீழே கொண்டுவர நீண்ட ஈர அரவை தேவைப்படும். அரவையில் பந்துகளும் தேயும். எஃகுப் பந்து இரும்பைச் சேர்க்கும், சிர்கோனியாப் பந்து விலையைச் சேர்க்கும்.

கரைசலில் தொடங்கினால் அயனிகள் முதலிலேயே கலந்துவிடுகின்றன. உடன்வீழ்படிவு முறையில் உலோக உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, காரம் சேர்த்து ஹைட்ராக்சைடுகளாக வீழ்த்தி, கழுவி, உலர்த்தி, 500 முதல் 700 டிகிரியில் சுடுவது வழக்கம். கேட்க எளிது. ஆனால் மூன்று மின்சுமை இரும்பு 2, 3 என்ற குறைந்த பிஹெச் மதிப்பிலேயே வீழ்ந்துவிடும். செம்பு 5, 6 அருகே. மாங்கனீசுக்கு 9-ஐ நெருங்க வேண்டும். காரத்தை மெதுவாகச் சொட்டவிட்டால் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்து மூன்று தனித்தனி ஆக்சைடுகள் கிடைக்கும். சரியான வழி எதிர்த்திசையானது. கலக்கிக்கொண்டிருக்கும் காரக் கரைசலுக்குள் உப்புக் கரைசலை விட வேண்டும். அப்போது ஒவ்வொரு சொட்டும் நுழைந்த கணமே மொத்தமாக வீழும். காரமாக அம்மோனியாவை எடுப்பதும் தவறு. அது செம்பைப் பிடித்துக் கருநீலக் கரைசலாக்கி வடிகட்டியின் வழியே வெளியேற்றிவிடும். சோடியம் ஹைட்ராக்சைடு எடுத்தால் சோடியத்தைக் கழுவி நீக்க வேண்டும். மீந்த சோடியம் சுடும்போது துகள்களை ஒட்டவைக்கும். பின்னால், பெயின்டில் நிறமியைப் பிடித்துக்கொள்ளும் சிலிக்கோன் ரெசினையும் கெடுக்கும். கூழ் போன்ற நானோ வீழ்படிவு வடிகட்டியை அடைத்துக்கொள்வதால் இந்தக் கழுவல்தான் முறையின் உண்மையான செலவு. ஆய்வறிக்கைகள் ‘பலமுறை கழுவப்பட்டது’ என்று இரண்டு சொல்லில் கடந்துபோகும் இடத்தில், ஆலைக்கு ஒரு கழிவுநீர் நிலையமே கட்ட வேண்டியிருக்கும்.

சிட்ரிக் அமிலமும் எத்திலீன் கிளைகாலும் சேர்த்து உலோக அயனிகளைப் பாலிமர் வலைக்குள் சிறைப்பிடிக்கும் பெக்கினி முறை 1967-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது. கலவைச் சீர்மையில் அதை மிஞ்சுவது கடினம். ஆனால் ஒரு பங்கு ஆக்சைடுக்குப் பல பங்கு கரிமப் பொருளை எரிக்க வேண்டும். கிராம் கணக்குக்கு நல்லது. அடைத்த கலனில் 150 முதல் 250 டிகிரி நீராவி அழுத்தத்தில் படிகத்தை வளர்க்கும் நீர்வெப்ப முறை துகளின் வடிவத்தின் மேல் நல்ல பிடி தருகிறது. சுடரில் பொடி எடுக்கும் முறை டைட்டானியாவுக்கும் சிலிக்காவுக்கும் தொழில் அளவில் நிலைபெற்றிருக்கிறது. மலிவான கறுப்பு நிறமிக்கு அதன் கருவிச் செலவு கட்டுப்படியாகுமா என்பது ஐயம்.

நான் அதிகம் பேச விரும்புவது கரைசல் எரிப்பு முறையைப் பற்றி. காரணம், அது நம் பக்கத்தில் பிறந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் கே. சி. பாட்டீலும் ஜே. ஜே. கிங்ஸ்லியும் 1988-இல் வெளியிட்ட கட்டுரை அதற்கு அடிக்கல். அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் சிறிது தண்ணீரில் கரைத்து 500 டிகிரி மஃபில் உலைக்குள் வைத்தார்கள். கரைசல் கொதித்து, நுரைத்து, தானே தீப்பற்றி, சில நிமிடங்களுக்குள் அலுமினாப் பொடியாகிவிட்டது. உலை 500 டிகிரியில்தான் இருக்கும். கலவைக்குள் எழும் சுடர் 1,000 டிகிரியைத் தாண்டும். ஸ்பைனல் உருவாகத் தேவையான பெருஞ்சூட்டை உலையிடம் வாங்காமல் வினையிடமே வாங்குவதுதான் இதன் நுட்பம். வெளியேறும் நைட்ரஜன், கார்பன் டையாக்சைடு, நீராவி மூன்றும் பொருளை அரிசிப் பொரி போல உப்பவைத்துவிடுவதால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வளர நேரம் கிடைப்பதில்லை.

கலவை விகிதம் ராக்கெட் எரிபொருள் வேதியியலிலிருந்து கடன் வாங்கியது. கார்பனுக்கு 4, ஹைட்ரஜனுக்கு 1, உலோகத்துக்கு அதன் மின்சுமை எனக் கூட்டி, ஒவ்வொரு ஆக்சிஜனுக்கும் 2 கழித்து, நைட்ரஜனைச் சேர்க்காமல் விட வேண்டும். மாங்கனீஸ் நைட்ரேட்டுக்குக் கழித்தல் 10 வரும், இரும்பு நைட்ரேட்டுக்குக் கழித்தல் 15, யூரியாவுக்குக் கூட்டல் 6, கிளைசினுக்குக் கூட்டல் 9. மாங்கனீஸ் ஃபெர்ரைட்டுக்கு 1 மோல் மாங்கனீஸ் உப்பும் 2 மோல் இரும்பு உப்பும் எடுத்தால் மொத்தம் 40. ஆகவே யூரியா 6.67 மோல், அல்லது கிளைசின் 4.44 மோல். எரிபொருளைக் குறைத்தால் சுடர் அடங்கி, பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்சைடு புகை கிளம்பி, அரைகுறைப் படிகம் கிடைக்கும். அதைச் சுடுவதற்கு மறுபடி உலைதான். எரிபொருளைக் கூட்டினால் கார்பன் மிச்சம் தங்கும். நிறமி இன்னும் கறுப்பாகத் தெரிவதால் இந்தத் தவறு கண்ணை ஏமாற்றும். சூட்டில் அந்தக் கார்பன் எரிந்துபோன பிறகுதான் உண்மை நிறம் வெளிவரும். அதனால் எரிப்பு முறைப் பொடிகளை 600 டிகிரியில் ஒரு மணி நேரமாவது சுட்ட பிறகே அளக்க வேண்டும்.

இதன் குறைகளையும் மறைக்கக் கூடாது. நைட்ரேட் உப்புகள் சல்ஃபேட்டைவிட விலை அதிகம். கலவை எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் சேர்ந்தது. பெரிய பாத்திரத்தில் ஒரே நேரத்தில் பற்றவிடுவது ஆபத்து. அளவைப் பெருக்க, சிறு சிறு பங்காகச் சூடான குழாய்க்குள் தெளித்துத் தொடர்ச்சியாக எரிக்க வேண்டும். அந்தப் பொறியியல் வேலை மீது அக்கறை காட்டியவர்கள் குறைவு. புதுப் புது வாய்பாடுகளை எரித்துப் பார்ப்பதில் காட்டிய உற்சாகத்தில் ஒரு பகுதி இதற்குப் போயிருந்தால் இந்த முறை இந்நேரம் ஆலைக்கு வந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பொடியைக் கையாள்பவரின் மூச்சுக் காற்றும் இந்தக் கணக்கில் வர வேண்டும். 1837-இலேயே ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் கூப்பர், மாங்கனீஸ் டையாக்சைடு அரைத்த தொழிலாளர்களின் நடை தளர்ந்துபோனதைப் பதிவுசெய்தார். நானோ பொடி காற்றில் இன்னும் நீண்ட நேரம் மிதக்கும். உலர்ந்த பொடியாக மூட்டை கட்டுவதைத் தவிர்த்து, ஈரக் குழம்பாகவே பெயின்ட் அரவைக்கு அனுப்புவது நல்லது.

நானோ எதற்கு

நானோ என்றாலே சிறப்பு என்ற எண்ணத்தை இங்கே கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். ஸ்பைனலின் ஒளிவிலகல் எண் ரெசினைவிட நன்றாகவே அதிகம். அதனால் 0.2, 0.4 மைக்ரோமீட்டர் துகள்கள் ஒளியை விழுங்குவதோடு சிதறடிக்கவும் செய்கின்றன. சிதறியதில் ஒரு பகுதி வெளியேறிவிடும். துகள் 0.1 மைக்ரோமீட்டருக்கு வெகு கீழே போனால் சிதறல் விட்டத்தின் ஆறாம் அடுக்கில் சரிகிறது. விழுங்கல் கன அளவோடுதான் குறையும். எனவே நானோ துகளில் பட்ட ஒளி பெரும்பாலும் திரும்புவதில்லை. நீண்ட அலையான வெப்பக் கதிருக்கோ அந்தத் துகள்கள் இல்லாதது போலத்தான். பூச்சு மெல்லியதாக இருந்தால் அடியில் உள்ள அலுமினியமோ செம்போ தன் பளபளப்பை அகச்சிவப்பில் காட்டும், உமிழ்திறன் குறையும். இரண்டு, மூன்று மைக்ரோமீட்டர் தடிமனில் அடிக்கும் தேர்வுப் பூச்சு பெயின்டின் அடிப்படை இது. அந்தத் தடிமனில் ஒரு மைக்ரோமீட்டர் துகளைச் சீராகப் பரப்பவே முடியாது என்பதால் இங்கே நானோ நியாயமான தேவை.

ஆனால் விலை கொடுக்க வேண்டும். அடர்த்தி 5 உள்ள நிறமி 500 நானோமீட்டர் துகளாக இருந்தால் ஒரு கிராமுக்கு 2.4 சதுர மீட்டர் பரப்பு. 50 நானோமீட்டரானால் 24. பத்து மடங்கு பரப்பை நனைக்கக் கூடுதல் ரெசின் வேண்டும். சிலிக்கோன் ரெசினின் சிலிக்கான், ஆக்சிஜன் பிணைப்பு 9, 10 மைக்ரோமீட்டரில் பலமாக அதிர்ந்து உறிஞ்சுகிறது. 100 டிகிரித் தகடு பலமாகக் கதிர்வீசும் பட்டைக்குள்தான் அது இருக்கிறது. நிறமியை நானோ ஆக்கிச் சேமித்த உமிழ்திறனை, கூடுதல் ரெசின் தின்றுவிடக்கூடும். ரெசினைக் குறைத்தால் விரல் பட்டாலே பொடி உதிரும். இந்த இழுபறியில் நடுப்புள்ளி கண்டுபிடிப்பதுதான் பெயின்ட் செய்பவரின் கலை. நிறமியின் மேற்பரப்பைச் சிலேன் மூலக்கூறுகளால் போர்த்தினால் குறைந்த ரெசினிலேயே துகள்கள் பிரிந்து நிற்கும். லியுப்லியானாக் குழுவின் பிற்கால உழைப்பில் பெரும்பகுதி இந்தப் போர்வைக்கே போனது.

அரவையைத் தவிர்த்துவிட்டு நானோ பற்றிப் பேசுவதில் பயனில்லை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் 40 நானோமீட்டர் என்று தெரியும் துகள்கள், பெயின்டுக்குள் சில மைக்ரோமீட்டர் திரளாகத் திரிந்தால், ஒளி அவற்றை ஒரே பெரிய துகளாகத்தான் காணும். நுண்மணி அரவை இயந்திரத்தில் ஒரு மில்லிமீட்டருக்கும் சிறிய சிர்கோனியா மணிகளோடு மணிக்கணக்கில் சுழற்றித் திரளைப் பிரிக்க வேண்டும். எரிப்பு முறைப் பொடி உப்பி, மென்மையாக இருப்பதால் விரைவில் பிரிகிறது. நீண்ட நேரம் சுட்ட பொடியின் துகள்கள் கழுத்தோடு கழுத்து ஒட்டியிருப்பதால் பிரிய மறுக்கும். தயாரிப்பு வழி பெயின்டின் ஒளியியலில் கைவைக்கும் இடம் இது. இதை அளந்து சொல்லும் கட்டுரைகள் மிகக் குறைவு.

கோபுர உச்சியில்

கோபுரங்களில் நீண்ட காலமாக அளவுகோலாக இருப்பது பைரோமார்க் 2500 என்ற சிலிக்கோன் பெயின்ட். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் 1980-களில் இயங்கிய சோலார் ஒன், 1990-களில் உருகிய உப்பை வைத்து இயங்கிய சோலார் டூ இரண்டும் அதைப் பயன்படுத்தின. புதிதாக அடித்தபோது உட்கவர்திறன் 0.96 அளவில் இருக்கும், உமிழ்திறன் 0.87 அருகே. அடித்த பிறகு 250 டிகிரி அளவிலும் பின்னர் 540 டிகிரி அளவிலும் சூடாக்கி இறுகவைக்க வேண்டும். ரெசினின் கரிமப் பகுதி எரிந்துபோய் சிலிக்கா எலும்புக்கூடு மட்டும் நிறமியைப் பிடித்துக்கொள்ளும். உருகிய உப்பின் 565 டிகிரி வரை இது தாக்குப்பிடிக்கிறது. 700-ஐத் தாண்டினால் சிலிக்கா சுருங்கி விரிசல் விடுகிறது, அடியில் உள்ள நிக்கல் உலோகக்கலவையின் துரு வளர்ந்து பூச்சைத் தள்ளுகிறது, நிறமி அயனிகள் இடம்பெயர்கின்றன. கோபுர உச்சியில் மறுபூச்சு என்றால் நிலையத்தை நிறுத்த வேண்டும். இறுகவைக்க அங்கே உலை கிடையாது, வெயிலைத்தான் அளந்து காட்ட வேண்டும்.

அமெரிக்க எரிசக்தித் துறை 2011-இல் தொடங்கிய சன்ஷாட் திட்டமும், அடுத்து 700 டிகிரிக்கு மேற்பட்ட நிலையங்களை நோக்கிய முயற்சிகளும் இந்தச் சிக்கலைப் புதிதாகக் கிளறின. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் ரென்குன் சென், சுங்ஹோ ஜின், ஜாவோவெய் லியு ஆகியோரின் குழு நானோ கோபால்ட் ஆக்சைடிலும் செம்பு சேர்ந்த ஸ்பைனல்களிலும் பூச்சுகள் செய்தது. டார்ட்மத் கல்லூரியில் ஜிஃபெங் லியுவின் குழு மாங்கனீஸ், இரும்பு, செம்பு ஆக்சைடு நானோ நிறமிகளை 750 டிகிரியில் சோதித்தது. இந்த உழைப்பில் முக்கியமான பாடம் மேற்பரப்பைப் பற்றியது. வழவழப்பான ரெசின் மேற்பரப்பு, நிறமி எவ்வளவு கறுப்பானாலும், நூற்றில் நான்கு பங்கு ஒளியை முதல் படியிலேயே திருப்பி அனுப்பிவிடும். துளைகளும் மேடுபள்ளங்களும் கொண்ட நானோ துகள் படலத்தில் காற்றுக்கும் பூச்சுக்கும் இடையே திடீர் எல்லை இல்லை. ஒளி படிப்படியாக உள்ளே இறங்குகிறது. உட்கவர்திறன் 0.97-ஐத் தொடுவதும் தாண்டுவதும் பெரும்பாலும் அந்தத் துளைகளின் கைங்கரியம்.

அந்தத் துளைகள் நீடிக்குமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஓர் ஆக்சைடின் உருகுநிலையைக் கெல்வின் அளவில் எடுத்துப் பாதியாக்கினால், ஏறத்தாழ அந்தச் சூட்டில் அயனிகள் தாராளமாக நகரத் தொடங்கும் என்பது பழைய விதி. செம்பு ஆக்சைடுக்கு அது 530 டிகிரிக்குச் சற்றுக் கீழே. 750 டிகிரியில் நாள்தோறும் எட்டு மணி நேரம் நிற்கும் நானோ துகள், ஆண்டுக்கணக்கில் நானோவாகவே இருக்கும் என்று எதிர்பார்ப்பது கடினம். துகள்கள் ஒட்டி வளரும், துளை மூடும். தொடக்க நாளின் உட்கவர்திறனை மட்டும் வைத்துப் பூச்சுகளை வரிசைப்படுத்துவதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம். சாண்டியா தேசிய ஆய்வகத்தின் கிளிஃபோர்ட் ஹோவும் அவருடைய கூட்டாளியும் 2014-இல் முன்வைத்த அளவுகோல் இதைவிட நேர்மையானது. பூச்சின் தொடக்கத் திறன், அது தேயும் வேகம், அடிக்கும் செலவு, மறுபூச்சுக்கு நிலையத்தை நிறுத்தும் இழப்பு ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து ஓர் அலகு ஆற்றலுக்கு எவ்வளவு என்று அது கேட்கிறது. அந்தக் கேள்விக்கு முன்னால் 0.975 உட்கவர்திறனோடு ஓராண்டில் உதிரும் பூச்சு, 0.955-இல் ஐந்தாண்டு நிற்கும் பூச்சிடம் தோற்றுப்போகும்.

நம் நாட்டில்

இந்தியாவில் இந்தத் துறை வெறும் வாசிப்பு நிலையில் இல்லை. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகத்தில் ஹரீஷ் பர்ஷிலியாவின் குழு வெற்றிடப் படிவு முறையில் பல அடுக்குத் தேர்வுப் பூச்சுகளைச் செய்து உலக அளவில் மேற்கோள் பெற்றது. ஹைதராபாத்தில் உள்ள பொடி உலோகவியல் ஆய்வு மையம் கரைசல் வழி ஆக்சைடு பூச்சுகளில் உழைக்கிறது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கறுப்பு முலாம்களில் நீண்ட அனுபவம் கொண்டது. ஆனால் முலாமும் வெற்றிடப் படிவும் தொட்டியும் கலனும் கேட்பவை. பெயின்டுக்குத் தெளிப்பான் போதும். வளைந்த குழாயில், பழைய தகட்டில், ஏற்கெனவே நிறுவிய இடத்திலேயே அடிக்கலாம்.

எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் இடைவெளி, நீர்சூடாக்கிக்கும் கோபுரத்துக்கும் நடுவே உள்ளது. பால் பதப்படுத்தவும், துணிக்குச் சாயமேற்றவும், நெல் அவிக்கவும் 80 முதல் 200 டிகிரி வரையிலான வெப்பம் நாள் முழுக்க வேண்டும். இன்று அதை விறகும் நிலக்கரியும் தருகின்றன. அந்த வெப்பநிலையில் செம்பு, மாங்கனீஸ், இரும்பு ஸ்பைனல் அசையவே அசையாது. நானோ துகள் வளரும் கவலை இல்லை. குரோமியமும் கோபால்ட்டும் தேவையில்லை. பூச்சைக் கெடுப்பவை அங்கே வேறு: காலையில் கண்ணாடியின் உட்புறம் பூக்கும் ஈரம், ஆலைப் புகையின் கந்தகம், கடலோர உப்புக் காற்று. தட்டைச் சேகரிப்பான்களுக்கான சர்வதேசச் சோதனை முறை உயர் சூடு, நீர்ப் படிவு, கந்தக டையாக்சைடு கலந்த ஈரக்காற்று மூன்றையும் காட்டி, உட்கவர்திறன் இழப்போடு உமிழ்திறன் உயர்வில் பாதியைச் சேர்த்து 0.05-க்குள் நிற்கிறதா என்று பார்க்கிறது. நானோ நிறமி பற்றி வரும் கட்டுரைகளில் இந்த மூன்றையும் கடந்து வந்தவை சிறுபான்மை. உலையில் வைத்து எடுத்ததோடு பெரும்பாலானவை முடிந்துவிடுகின்றன.

ஆகவே இனி எழுதப்படும் ஒவ்வொரு அறிக்கையிடமும் நான் எதிர்பார்ப்பது சில எண்கள். ஒரு கிலோ நிறமிக்கு எவ்வளவு உப்பு, எரிபொருள், கழுவு நீர் ஆயிற்று? அரைத்து முடித்த பெயின்டுக்குள் திரளின் அளவு என்ன? எத்தனை மைக்ரோமீட்டர் தடிமனில் என்ன உமிழ்திறன்? ஈரத்திலும் கந்தகத்திலும் நிறுத்திய பிறகு இரண்டு திறன்களும் எங்கே நின்றன? இவை கையில் இருந்தால், ஓசூரிலோ கோவையிலோ வெப்பம் தாங்கும் பெயின்ட் செய்யும் ஒரு சிறு ஆலை எந்த வழியில் தன் முதல் நூறு கிலோ நிறமியைச் செய்யலாம் என்று இன்றே முடிவெடுத்துவிடும்.